இரண்டு விரல் அளவு

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் சன்ஸ்கிரீன் வாங்கி வந்தவள் என் மகள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. காலையில் முகத்தைக் கழுவி, தண்ணீர் போன்ற ஏதோ ஒன்றைத் தட்டி, அதன்மேல் ஒரு கிரீமைத் தடவி, கடைசியில் ஊதா நிறக் குப்பி ஒன்றிலிருந்து சன்பிளாக் எடுத்துப் பூசிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் கிளம்புவாள். நான் குளியலறைக்கு வெளியே தோளில் துண்டோடு நின்றுகொண்டிருப்பேன். கிள்ளானிலிருந்து ஆறரை மணிக்குள் கிளம்பினால்தான் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என் தொழிற்சாலைக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியும்.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. "நம்ம கலருக்கு எதுக்குமா சன்பிளாக்கு? அதெல்லாம் வெள்ளைக்காரங்க பூசறது" என்றேன்.

"எல்லாத் தோலுக்கும் வேணும்பா. வீடியோல டாக்டரே சொல்றாங்க" என்றாள் உள்ளேயிருந்து.

சமையலறையில் என் மனைவி சிரித்தாள். "விடுங்க, வயசுப் புள்ள. நான் பதினோரு வருசமா வெயில்ல நிக்கிறேன். எனக்கு என்ன ஆகிப்போச்சு?"

அவள் தமிழ்ப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. காலை ஏழரையிலிருந்து திடல்தான் அவளுக்கு வகுப்பறை. பள்ளி விட்ட பிறகும், விளையாட்டுப் போட்டி நெருங்கும் மாதங்களில், ஓட்டக்காரப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை அங்கேயே நிற்பாள். முகத்துக்குப் பவுடர், நெற்றிக்குப் பொட்டு, அவ்வளவுதான் அவள் அலங்காரம். விசில் கயிறு தொங்கும் இடத்தில் மட்டும் கழுத்துத் தோல் ஒரு கோடாக வெளுத்திருக்கும். நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வேன். அவள் தொப்பிகூடப் போட மாட்டாள். தொப்பி போட்டால் பிள்ளைகளுக்குத் தன் கண் தெரியாது, கண் தெரியாவிட்டால் பயம் இருக்காது என்பாள்.

முதலில் வந்தது கன்னத்தில். எங்கள் நிறத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. இரண்டு கன்னமும் மூக்கின் மேல்பக்கமும் அடிபட்ட இடம் போலக் கன்றியிருந்தன. பக்கத்து கிளினிக்கில் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரம் குறைந்தது, மறுபடி வந்தது. பிறகு குளியலறைத் தண்ணீர் போகும் துளையில் முடி அடைக்கத் தொடங்கியது. ஒரு காலை மைலோ டின்னின் மூடியைத் திறக்க முடியாமல், அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் வந்து திறந்து கொடுத்தேன். "கையில பலமே இல்லைங்க" என்றாள். நான் அதிக வேலை என்று நினைத்தேன். ஒரு வாரம் லீவு எடு என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

கடைசியில் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு முறை ரத்தம் எடுத்தார்கள். மூன்றாவது முறை போனபோது மலாய்க்கார லேடி டாக்டர் ஒருவர் எங்களை உட்கார வைத்து, மலாயும் ஆங்கிலமுமாகக் கலந்து, நிதானமாகச் சொன்னார். லூபஸ். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. முழுசாகக் குணமாக்க மருந்து கிடையாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். மாத்திரைகளை எழுதிவிட்டு, வெயிலைப் பற்றித் தனியாக ஒரு பத்து நிமிடம் பேசினார். வெயில் பட்டால் இந்த நோய் கிளம்பிவிடும். வெளியே போனாலும் போகாவிட்டாலும், மேகமாக இருந்தாலும், தினமும் காலையில் பல் தேய்ப்பது போல சன்பிளாக் பூச வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். ஜன்னல் கண்ணாடியைக்கூட அந்த வெயில் தாண்டி வரும்.

என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவள் உடற்கல்வி ஆசிரியை என்பதைச் சொல்லி, திடலில் நிற்கலாமா என்று கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "முடிஞ்ச வரைக்கும் தவிர்க்கணும், புவான்" என்று மலாய் வழக்கப்படி மரியாதையாகச் சொன்னார்.

அன்று ரயிலில் போயிருந்தோம். திரும்பும்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்தோம். அவளைக் குளிர்சாதனத்துக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் அலமாரிக்குப் போனேன். என் வேலை இயந்திரப் பராமரிப்பு. ஒரு பாகம் வேண்டுமென்றால் எண்ணைச் சொன்னால் போதும், எடுத்துத் தருவார்கள். இங்கே ஓர் அலமாரி முழுக்க சன்பிளாக். ஜெல், பால், குச்சி, ஸ்பிரே. பாதிக்கு மேல் 'வெண்மை தரும்' என்று எழுதியிருந்தது. கடைக்காரச் சீனப் பெண் வந்து, "அங்கிள், வைட்டனிங் வேணுமா?" என்று மலாயில் கேட்டாள். இல்லை, நோய்க்கு என்றேன். எந்த நோய் என்று கேட்டாள். எனக்கு அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லை. தோல் நோய் என்றேன். அவள் மணமில்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஐம்பது என்று போட்டிருந்தது. எது ஐம்பது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

மறுநாள் காலை அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். குழாயை அழுத்த விரல்கள் மடங்கவில்லை. காலை நேரத்தில்தான் அவள் மூட்டுகள் ரொம்ப இறுகியிருக்கும். நான் வாங்கி அழுத்தி, பட்டாணி அளவு எடுத்து அவள் கன்னத்தில் வைத்தேன். பின்னால் வந்து நின்ற மகள், "அது பத்தாதுப்பா" என்றாள்.

"எவ்வளவு?"

அவள் தன் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினாள். "ரெண்டு விரல். இந்த அடியிலேர்ந்து நுனி வரைக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு போடணும். காது மறக்கக் கூடாது."

நான் என் இரண்டு விரலிலும் பிழிந்தேன். என் விரல் பெரிது, அதனால் கொஞ்சம் அதிகமே வந்திருக்கும். நெற்றி, கண்ணுக்குக் கீழ், மூக்கின் இரண்டு பக்கம், தாடை, கழுத்து, பிடரி. காதின் மடலுக்குப் பின்னால். முடி கொட்டி அகலமாகிப்போன வகிட்டின் மேலும் ஒரு கோடு. பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் அவள் முகத்தை இப்படி முழுசாகத் தொட்டதில்லை. வேறு காரணத்துக்காகத் தொட்டிருந்தால் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்திருக்கும்.

தேய்த்து முடித்ததும் அவள் முகம் சாம்பல் பூத்தது போல் ஆகிவிட்டது. அந்த வெள்ளை அவள் கறுப்பில் கலக்கவே இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் மேலேயே நின்றது. பொட்டு ஒட்டவில்லை. ஸ்டிக்கரை வைத்தாள், வழுக்கிப் புருவத்துக்கு வந்தது. குங்குமத்தை வைத்தாள், கிரீமில் கரைந்து இழுபட்டது. கண்ணாடியில் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செத்தவளுக்குப் பூசிவிட்ட மாதிரி இருக்குங்க" என்றாள். பிறகு விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து காலை ஆறேகாலுக்கு அதுதான் என் வேலை. மகள் வேறு வேறு கிரீம்களைத் தேடிச் சொன்னாள். மூன்றாவதாக வாங்கியது கொஞ்சம் பரவாயில்லை, சாம்பல் குறைந்தது. ஆனால் கண்ணெரிச்சல் கொடுத்தது. நான்காவதாகத் திரும்ப முதலில் வாங்கியதற்கே வந்தோம். பத்து மணி இடைவேளையில் அவளாகப் பூசிக்கொள்வாள். அதற்குள் விரல்கள் இளகியிருக்கும்.

நோயைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "தெரிஞ்சா திடலை என்கிட்டேர்ந்து எடுத்துடுவாங்க" என்றாள். ஒரு வருடம்தான், கைவசம் இருக்கிற பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடிக்கட்டும், பிறகு தானே தலைமையாசிரியையிடம் சொல்லி வகுப்புப் பாடத்துக்கு மாறிக்கொள்வதாகச் சொன்னாள். அந்தப் பிள்ளைகளை அவள் மூன்றாம் ஆண்டிலிருந்து ஓடப் பழக்கியவள். நான் சரி என்றேன். சரி என்றது தப்பு என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஆனால் அன்று வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருப்பாளா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

நோய் தெரியாததால் ஊருக்குக் கிரீம் மட்டும்தான் தெரிந்தது. பள்ளியில் ஒரு சின்னப் பிள்ளை, "டீச்சர், நீங்க ஏன் சாம்பலா இருக்கீங்க?" என்று கேட்டதாம். அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள். ஆசிரியர் அறையில் ஒருத்தி, "இந்த வயசுல வெள்ளையாகி என்னலா பண்ணப் போறே?" என்று கேட்டதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

தீபாவளிக்கு செமினியிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். குளியலறைத் தட்டில் வரிசையாக நின்ற குழாய்களைப் பார்த்துவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "என்னடா, உன் பொண்டாட்டி இப்பதான் கலர் ஆகணும்னு பாக்குறாளா? பொண்ணுக்குப் போட்டியாவா?" என்றாள். அக்கா கெட்டவள் இல்லை. சும்மா சொல்கிற பழக்கம். என் மனைவி தலைகுனிந்து அக்காவின் இலையில் கறியைப் பரிமாறினாள். மகள் என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் சத்தியம் செய்தவன். தண்ணீரைக் குடித்தேன்.

அக்கா போய் இரண்டு நாள் கழித்து மகள், "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்பா" என்றாள். அவ்வளவுதான்.

பள்ளி விளையாட்டுப் போட்டி ஒரு சனிக்கிழமை. எனக்கு விடுமுறை நாள். நானும் வருகிறேன் என்றேன். கூடாரத்துக்குள்ளேயே இருப்பதாக அவள் வாக்குக் கொடுத்தாள். ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிற வேலையை வேறொரு ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டாளாம். காலையில் வழக்கத்தைவிட அதிகமாகவே பூசினேன். கைச்சட்டை நீளமாகப் போட்டுக்கொண்டாள். பெரிய கறுப்புக் குடையையும் கிரீம் குழாயையும் நான் எடுத்துக்கொண்டேன். கைப்பேசியில் இரண்டு மணி நேரத்துக்கு ஓர் அலாரம் வைத்தேன்.

முதல் அலாரம் அடித்தபோது அவள் கூடாரத்தின் பின்பக்கம் வந்தாள். நான்கு நாற்காலிகளை மறைப்பாக வைத்துக்கொண்டு அவசரமாகப் பூசினேன். பத்தரை மணிக்கு வெயில் சுள்ளென்று இறங்கியது. அவள் கூடாரத்தின் ஓரத்தில், நிழல் முடிகிற இடத்தில் நின்றிருந்தாள். கால் கட்டைவிரல் மட்டும் வெயிலில் இருந்தது. நான் உள்ளே வரச் சொன்னேன். அரை அடி பின்னால் வந்தாள்.

கடைசிப் போட்டி பெண்பிள்ளைகளின் நான்கு பேர் தொடர் ஓட்டம். அவள் பழக்கிய பிள்ளைகள். மூன்றாவதாக ஓடிய பிள்ளை வளைவில் முன்னால் வந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த பேட்டனை அடுத்தவளிடம் நீட்டும் நேரத்தில் கால் மடங்கி, முழு உடம்போடு விழுந்தாள். திடல் மொத்தமும் ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என் மனைவி ஓடிவிட்டாள். நோய் வந்த பிறகு அவள் ஓடி நான் பார்த்ததில்லை. நல்ல வெயிலில், திடலின் குறுக்கே, முழங்காலைத் தூக்கித் தூக்கி ஓடினாள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கணுக்கால் வீங்கிக்கொண்டே வந்தது. தூக்கக் கூடாது, முதலுதவிக்காரர்கள் வரட்டும் என்று கையைக் காட்டினாள். அவர்கள் திடலின் மறுமுனையில் மயங்கி விழுந்த வேறு பிள்ளையோடு இருந்தார்கள்.

குடையை விரித்துக்கொண்டு நானும் ஓடினேன். போய் அவளுக்கு மேலே பிடித்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல், குடைக் கம்பியைப் பிடித்து அந்தப் பிள்ளையின் முகத்துக்கு மேலே நகர்த்தினாள். நான் திரும்ப அவள் பக்கம் சாய்த்தேன். அவள் திரும்ப நகர்த்தினாள். இரண்டு பேருக்கும் நிழல் போதவில்லை. அவள் முகத்தில் வியர்வை வழிந்து, கிரீம் வெள்ளைக் கோடுகளாக இறங்கிக் கழுத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கன்னம் வெறுமையாகிவிட்டது. பையிலிருந்து குழாயை எடுத்தேன்.

"இங்க வேணாம்" என்றாள்.

"எல்லாம் கரைஞ்சு போச்சுமா."

"எல்லாரும் பாக்குறாங்க. உள்ள வைங்க."

வைத்துவிட்டேன். ஐந்நூறு பேர் உட்கார்ந்திருந்த திடலின் நடுவே, கையில் குடையோடு, என் மனைவியின் முகத்தில் வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிடம் இருக்கும். கைப்பேசியில் இரண்டாவது அலாரம் அடித்தது. ஒரு கையால் தேடி அதை நிறுத்தினேன்.

வீடு திரும்பும்போது காரில் கேட்டேன், ஏன் ஓடினாய், மற்ற ஆசிரியர்கள் இருந்தார்களே என்று. என் குரல் உயர்ந்திருந்தது.

"புள்ள விழுந்துச்சு" என்றாள்.  

ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. கன்னம் கறுத்துப்போனது. கால் வீங்கி செருப்பு நுழையவில்லை. சிறுநீர் நுரைநுரையாகப் போகிறது என்று கூச்சத்தோடு சொன்னாள். அதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன், அன்றே சேர்த்துக்கொண்டார்கள். முதுகில் ஊசி போட்டு சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நோய் சிறுநீரகத்துக்குப் போயிருந்தது.

நான் அந்த டாக்டரைத் தாழ்வாரத்தில் பிடித்தேன். விளையாட்டுப் போட்டியைச் சொன்னேன். இருபது நிமிடம் வெயிலில் உட்கார்ந்ததை, கிரீம் கரைந்ததை, நான் பூசாமல் விட்டதை எல்லாம் சொன்னேன். அதனால்தானா என்று கேட்டேன்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார் அவர். "முன்னாடியே உள்ளுக்குள்ள தொடங்கியிருக்கலாம். இதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது, என்சிக்."

என்னை மரியாதையாக என்சிக் என்று விளித்து, சமாதானப்படுத்தத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆனால் எனக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் போலிருந்தது. ஓர் இயந்திரம் நின்றுபோனால் எந்த இடத்தில் போனது என்று தெரிந்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே அது நான் காலையில் விட்ட ஓர் அங்குலமா, அந்த இருபது நிமிடமா, அதற்கு முந்தைய பதினோரு வருடமா, ஒன்றுமே இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை.

அவள் கட்டில் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தலையணைவரை வெயில் வரும். திரையை இழுத்தால் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி இருந்தது. கட்டிலை மாற்றித் தரச் சொன்னேன், காலியானால் மாற்றுவதாகச் சொன்னார்கள். அதுவரை என் துண்டை அந்த இடைவெளியில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டேன். அது இரண்டு முறை விழுந்தது. தினமும் வேலைக்குப் போகும் முன் வந்து முகத்திலும் கையிலும் கிரீம் பூசிவிட்டுப் போவேன். பார்வையாளர் நேரம் இல்லாவிட்டாலும் காவலாளி பழகிப் போய் விட்டுவிட்டார்.

தமிழ்த் தாதி ஒருவர் ஒரு நாள் நின்று பார்த்தார். "அண்ணே, அக்கா உள்ளதானே படுத்திருக்காங்க. இதுக்குப் போய் இவ்வளவு தூரம் வரீங்களா?"

"டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"அது சரி. நாங்களே பூசி விடுறோம்லா. நீங்க வேலைக்குப் போங்க."

நான் சரியென்று சொல்லிவிட்டு மறுநாளும் போனேன். அந்த வாரங்களில் அவள் உடம்புக்குள் ஓடிய மருந்துகளின் பெயர்கூட எனக்குச் சரியாக வாயில் நுழையவில்லை. ரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் இருந்தவை எல்லாம் எனக்குப் புரியாத எழுத்துகள். என்னால் செய்யக்கூடியதாக இருந்தது இரண்டு விரல் கிரீம் ஒன்றுதான். மருந்தால் அவள் முகம் வட்டமாக ஊதிப்போயிருந்தது. தாடை எலும்பு இருந்த இடத்தைத் தேடினேன், தட்டுப்படவில்லை. காதுக்குப் பின்னால் மட்டும் பழைய மாதிரியே இருந்தது.

ஒரு நாள் பூசிக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடியபடியே சொன்னாள்: "நீங்க பூசறதால எனக்கு ஒண்ணும் ஆகிடப் போறதில்லைங்க."

என் கை நின்றது.

"இல்ல, பூசுங்க. உங்களுக்கு ஏதாச்சும் செய்யணும் போல இருக்கும்ல."

மகள் வார்டுக்கு இரண்டு முறைதான் வந்தாள். வந்தாலும் அம்மா முகத்தைப் பார்க்காமல் கால்மாட்டில் நின்று போர்வையைச் சரி செய்துகொண்டிருப்பாள். அவளைக் கட்டாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் அவள் குளியலறைத் தட்டை ஒருநாள் சுத்தம் செய்து, குழாய்களைக் காலாவதி தேதி பார்த்து அடுக்கி வைத்திருந்தாள். பழையதை எல்லாம் ஒரு பையில் கட்டிப் போட்டிருந்தாள். அவளுக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூன்று வாரத்துக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சத்தியத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது. பள்ளிக்குக் கடிதம் போனது. தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து, "ஏன்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டு அழுதார். என் மனைவிதான் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து ஆறுதல் சொன்னாள். அக்கா செமினியிலிருந்து ஓடி வந்து, என்னைத் தனியே கூப்பிட்டு, "அன்னிக்கு நான் பேசினப்ப நீ ஏன்டா வாயை மூடிட்டு இருந்தே?" என்று திட்டினாள். 

இப்போது அவள் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். நல்லொழுக்கப் பாடமும் எடுக்கிறாள். நூலக ஜன்னல்களுக்குக் கறுப்புப் படலம் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயிருந்து திடல் தெரியும், ஆனால் படலத்தால் எப்போதும் மழை வரப்போவது போல மங்கலாகத் தெரியும் என்றாள். திடலில் இப்போது இளைஞரான வேறொரு ஆசிரியர் நிற்கிறார். நல்லவராம். பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே ரொம்ப வேகமாக ஓட விடுகிறார் என்பது மட்டும் அவளுக்குக் குறை. ஒருநாள் போய்ச் சொல்லேன் என்றேன். "நான் யாரு சொல்றதுக்கு" என்றாள்.

சிறுநீரகம் பாதி அளவுக்குத் திரும்பியிருக்கிறது. முழுசாகத் திரும்புமா என்பதைச் சொல்ல முடியாது என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிறோம். ஒரு முறை ரத்தப் பரிசோதனை எண்கள் இறங்கியிருக்கும், சந்தோஷமாகத் திரும்புவோம். அடுத்த முறை, எதையும் மாற்றாமல், எதையும் தப்பாகச் செய்யாமல், அவை ஏறியிருக்கும். நான் டாக்டரைக் காரணம் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன வாரம் போனபோது எண்கள் கொஞ்சம் ஏறியிருந்தன. மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள். மருந்து வாங்கிக் கிளம்பவே நான்கரை ஆகிவிட்டது. அந்த நேரத்தில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கி வந்தால் சூரியன் நேர் எதிரே நிற்கும். பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டியதும் ஜாம். முன்னும் பின்னும் லோரிகள். இடப்பக்கம் விலக வழி இல்லை. கண்ணாடிக்கு மேலிருக்கும் மறைப்பை இறக்கினேன், அது அவள் நெற்றிவரைதான் வந்தது. அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். காலையில் பூசியது. மருத்துவமனையில் மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு முறை பூசியது. பையில் தேடினாள். குழாயை மருந்து வாங்குமிடத்தின் நாற்காலியிலேயே விட்டு வந்திருந்தோம்.

என் இடது கையை நீட்டி அவள் முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்தேன். நிழல் மூக்குவரை விழுந்தது. விரல் இடுக்குகளில் வெயில் வந்தது. விரல்களைச் சேர்த்தேன். கொஞ்ச நேரத்தில் தோள் வலிக்கத் தொடங்கியது. முன்னால் லோரி ஒரு கார் தூரம் நகர்ந்தது, பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்தார்.

"கையை எடுங்க" என்றாள் துப்பட்டாவுக்குள்ளிருந்து. "ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓட்டுங்க."

எடுத்தேன். கியரை மாற்றினேன். சுபாங்வரை அப்படியேதான் ஊர்ந்துகொண்டிருந்தோம்.